பள்ளிக்கூடம் செல்லும் பாதையும் ஓர் அமானிதமே





பிள்ளைகளின் கல்விக்காக நம் குடும்பங்கள் இன்று நிறையவே செலவிடுகின்றன. எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்த ஆசிரியரிடம் டியூஷன் அனுப்புவது, மக்தபுக்கு எந்த நேரம் வசதி என்று பலமுறை யோசிக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், இது நல்ல மாற்றம். ஆனால் பிள்ளை பள்ளிக்கு எப்படிப் போய் வருகிறது என்பதை அந்த அளவுக்கு யோசிக்கிறோமா? பத்து நிமிடத்தில் நடக்கக்கூடிய தூரத்துக்கும் ஸ்கூட்டியை எடுக்கிறோம். எட்டு, பத்துப் பிள்ளைகளை அடைத்த ஆட்டோவில் நம் பிள்ளையையும் ஏற்றிவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் பைக் சாவியைக் கேட்டால், "பார்த்துப் போ" என்று கொடுத்துவிடுகிறோம்.

பள்ளி அருகில் இருந்தால் பிள்ளைகளை நடந்து அனுப்புவோம்; சற்றுத் தள்ளி இருந்தால் சைக்கிளில் அனுப்புவோம்; அதற்கேற்றபடி நம் தெருக்களைப் பாதுகாப்பாக வைப்போம். இந்த மாதப் பாடத்தின் சுருக்கம் இதுதான். இது பணம் மிச்சம் பிடிக்கும் யோசனை மட்டுமல்ல. பிள்ளைகளும் அமானிதம், அவர்கள் நடக்கும் பாதையும் அமானிதம்.

எழுதப்படும் காலடிகள்

மதீனாவில் பனூ ஸலிமா கோத்திரத்தார் மஸ்ஜிதுந் நபவியிலிருந்து சற்றுத் தொலைவில் வசித்தார்கள். பள்ளிவாசலுக்கு அருகில் இடம் காலியானபோது அங்கே குடிவர விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்களோ, இருக்கும் வீடுகளிலேயே இருங்கள், உங்கள் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்ற கருத்தில் அவர்களுக்குச் சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி உள்ளது. தூரத்தை அவர்கள் சிரமமாகப் பார்த்தார்கள். பெருமானார் அதை நன்மையாகக் காட்டிக் கொடுத்தார்கள்.

நபி (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் குபா பள்ளிவாசலுக்குச் செல்வார்கள். சில வேளை வாகனத்தில், சில வேளை நடந்து. மஸ்ஜிதுந் நபவியிலிருந்து குபா சுமார் 3 கிலோமீட்டர் தூரம். வாகனம் இருந்தும் நடந்து செல்வது கண்ணியக் குறைவல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இவை தொழுகைக்கும் பள்ளிவாசலுக்குமான நடை. கல்வியைத் தேடி ஒரு பாதையில் செல்பவருக்கு அல்லாஹ் சுவனத்தின் பாதையை எளிதாக்குகிறான் என்ற நபிமொழியும் நமக்குத் தெரிந்ததே. பயன் தரும் கல்வியை நல்ல நிய்யத்துடன் கற்பதும் இதில் சேரும் என்று ஆலிம்கள் விளக்குவார்கள். காலையில் பிள்ளை செருப்பை மாட்டும்போது இந்த நிய்யத்தை நினைவூட்டி, வீட்டிலிருந்து வெளியேறும் துஆவை ஓதச் செய்து அனுப்பிப் பாருங்கள். தினமும் நடக்கும் அதே தெரு அமலுக்கான இடமாகிவிடும்.

நடையின் ஒழுங்கையும் குர்ஆன் கற்றுத் தருகிறது. லுக்மான் (அலை) தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில், பூமியில் பெருமையடித்து நடக்காதே, நடையில் நடுநிலையைப் பேணு என்பதும் இடம்பெறுகிறது (31:18, 19). ஒரு தந்தை மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில் எப்படி நடப்பது என்பதும் ஒன்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பாதைக்கும் உரிமை உண்டு

பாதையோரங்களில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றால் பாதையின் உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு வலியுறுத்தினார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் துன்பம் தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவையே அந்த உரிமைகள். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஸதகா என்றும் சொன்னார்கள்.

இந்த நபிமொழிகளை மனதில் வைத்துக்கொண்டு பள்ளி தொடங்கும் நேரத்தில் எந்தப் பள்ளி வாசலுக்கும் போய்ப் பாருங்கள். பாதி ரோட்டை அடைத்து நிற்கும் கார்கள், ஹாரன் சத்தம், அடுத்தவர் வீட்டு வாசலை மறித்த ஸ்கூட்டர்கள், அவற்றுக்கு இடையே புகுந்து வரும் சின்னப் பிள்ளைகள். நம் பிள்ளையைப் பத்திரமாக இறக்கிவிட வந்த வாகனமே இன்னொருவர் பிள்ளைக்கு ஆபத்தாகிறது. நடந்து வரும் பிள்ளைகள் கூடக் கூட இந்த நெரிசல் குறையும். பள்ளி தொலைவில் இருப்பதால் வாகனத்தில்தான் வர வேண்டும் என்றால், வாசல் வரை போகாமல் இருநூறு, முந்நூறு மீட்டருக்கு முன்பே பாதுகாப்பான இடத்தில் இறங்கிச் சேர்ந்து நடக்கலாமே.

உடலுக்கும் உரிமை உண்டு

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் பிள்ளைகளின் நாளை எண்ணிப் பாருங்கள்: மக்தப், பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம், பிறகு செல்போன். எல்லாமே உட்கார்ந்த நிலையில். விளையாட மைதானமும் இல்லை, நேரமும் இல்லை.

ஒரு கிலோமீட்டர் நடக்கப் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகலாம். போக வர அரை மணி நேரம். தனியாக நேரம் ஒதுக்காமலேயே தேவையில் பாதி நிறைவேறிவிடுகிறது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழான விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்று சொல்வதும் பிள்ளைகளின் கால்களை மனதில் வைத்துத்தான்.

"பை கனமாக இருக்கிறதே" என்று தாய்மார்கள் சொல்வது உண்மை. பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பை கொள்கை. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரைக் கிலோதான் சுமை. இரவே கால அட்டவணையைப் பார்த்துப் பையை அடுக்குங்கள். அதிகமாக இருந்தால் ஆசிரியரிடம் பேசுங்கள்.

சாவியைக் கொடுக்காதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறோம். இருசக்கர வாகன விபத்தில் போன இளம் பிள்ளைகளின் ஜனாஸாவைச் சுமக்காத ஊர்கள் குறைவு. வாப்பா வெளிநாட்டில், உம்மா வீட்டில், கடைக்கும் டியூஷனுக்கும் ஓட மகன்தான் என்ற நிலை பல வீடுகளில் இருப்பதை நாம் அறிவோம். அதற்காகப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் வண்டியைக் கொடுப்பது அன்பாகாது.

மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிறைந்தவரே மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். 16 வயதில் அனுமதி உள்ளது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. நம் வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து என்பவை தண்டனை. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. விபத்தில் பிறர் பாதிக்கப்பட்டால் இழப்பீட்டுச் சுமையும் குடும்பத்தின் தலையில் விழலாம். தானும் துன்பப்படக்கூடாது, பிறரையும் துன்புறுத்தக்கூடாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி. சட்டம் கேட்பதும் அதையே.

பெரியவர்களே பிள்ளைகளைக் கொண்டுவிடும்போதும் கவனம் வேண்டும். ஒரு வண்டியில் ஓட்டுபவரோடு ஒருவர் மட்டுமே செல்லலாம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று ஏற்றினால் அபராதத்தோடு உரிமமும் நிறுத்தி வைக்கப்படலாம். பிள்ளைகளுக்கும் தலைக்கவசம் கட்டாயம். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பாதுகாப்பு வார் கட்டி, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் ஓட்ட வேண்டும்.

சைக்கிள்: ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும்

நம்மில் பலர் வாப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றவர்கள்தாம். இன்று தமிழக அரசு, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிப்போருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. வாங்கிய வண்டி மாடிப்படிக்குக் கீழே துருப்பிடித்துக் கிடந்தால் அது நிஃமத்தை வீணாக்குவதாகும்.

பெண் பிள்ளைகளை சைக்கிளில் அனுப்பச் சிலர் தயங்குகிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியால் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அதில் முன்னே நின்றார்கள். குழந்தையை முன்கம்பியில் உட்கார வைக்கலாம் என்பதற்காக ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பியவர்களும் உண்டு. தொடக்கத்தில் கேலி பேசியவர்கள் இருந்தார்கள். பெண்கள் ஓட்டுவதை நிறுத்தவில்லை. பேருந்துக்குக் காத்திருந்த நேரமும் பிறரை எதிர்பார்த்திருந்த நிலையும் குறைந்தன.

பர்தாவோடு ஓட்டுவதற்குச் சில ஏற்பாடுகள் போதும். செயின் முழுவதும் மூடிய கவர், பின்சக்கரத்துக்கு வலை, தொங்காமல் குத்திய துப்பட்டா, காலில் சிக்காத அளவான அபாயா. தனியாகப் போகாமல் ஒரே தெருப் பிள்ளைகள் மூன்று, நான்கு பேராகச் செல்வது நலம். தூரம் காரணமாக மகளின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்த நினைக்கும் குடும்பம் ஒன்று இருந்தாலும், ஒரு சைக்கிள் அந்த முடிவை மாற்றிவிடலாம்.

அச்சத்துக்கு வழி என்ன?

"ரோடு இருக்கிற இருப்பில் எப்படி அனுப்புவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நடைபாதை இல்லை, இருக்கும் இடத்திலும் கடைப் பலகைகள், தெருநாய்கள், வேகமாக வரும் வண்டிகள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்பதே நமக்குச் சொல்லப்பட்ட வழி. ஆகவே கட்ட வேண்டியதைக் கட்டுவோம்:

1. தெருவாரியாக நடைக்குழு அமைப்போம். ஆறு, ஏழு குடும்பங்கள் சேர்ந்து ஒரு நேரம், ஒரு பாதை முடிவு செய்யுங்கள். நாளுக்கொரு பெற்றோர் முறைபோட்டு உடன் செல்லலாம். ஃபஜ்ருக்குப் பின் நடைப்பயிற்சி செல்லும் பெரியவர்கள், அந்த நடையைப் பள்ளி நேரத்துக்கு மாற்றினால் இரட்டை நன்மை.

2. சின்னப் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் அவர்களுக்கு இன்னும் முதிர்ந்திருக்காது. பெரியவர் கையைப் பிடித்தே சாலையைக் கடக்க வேண்டும்.

3. விடுமுறை நாளில் பிள்ளையோடு ஒருமுறை நடந்து பாருங்கள். குறுக்கு வழியைவிட வண்டி குறைந்த வழி நல்லது. நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலது ஓரமாக நடக்கவும், சைக்கிளை இடது ஓரமாக ஓட்டவும் பழக்குங்கள்.

4. சைக்கிளில் பிரேக், பெல், பின்புற ஒளிபிரதிபலிப்பான் மூன்றும் சரியாக இருக்கட்டும். இருக்கையில் அமர்ந்தால் கால் விரல்கள் தரையைத் தொட வேண்டும். காலால் தள்ளிப் போகும் சிறுவர் ஸ்கூட்டர் வண்டி வராத சந்துக்கு ஏற்றது. மெயின் ரோட்டுக்கு வேண்டாம்.

5. நம் வீட்டு வாசலில் கிடக்கும் மணலையும் ஜல்லியையும் அகற்றுவோம். பள்ளி நேரத்தில் நம் கடைக்கு லோடு இறக்குவதைத் தவிர்ப்போம். வேகத்தடை, நடைபாதை வேண்டி நகராட்சிக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் மஹல்லா சார்பில் கூட்டாக மனு கொடுப்போம்.

வீட்டில் உபயோகமின்றிக் கிடக்கும் சைக்கிள்களை அறக்கட்டளை அலுவலகத்தில் ஒப்படைத்தால், பழுது பார்த்துத் தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். அந்தச் சக்கரம் சுழலும் வரை உங்களுக்கு ஸதகா. நடைக்குழுவில் சேர விரும்பும் பெற்றோரும், உடன் செல்ல முன்வரும் பெரியவர்களும் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

வீட்டில் கலந்து பேச

- நம் வீட்டிலிருந்து பள்ளி எத்தனை நிமிட நடை? என்றாவது நடந்து பார்த்திருக்கிறோமா?
- வாரத்தில் ஒரு நாளாவது வண்டி எடுக்காமல் இருக்க முடியுமா? எந்த நாள்?
- நம் பிள்ளையோடு சேர்ந்து நடக்கக்கூடிய பிள்ளைகள் பக்கத்தில் யார் யார்? வேற்று மதத்து அண்டை வீட்டார் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டோமா?
- நம் வண்டியாலும் நம் வாசலாலும் நடந்து செல்லும் யாருக்காவது தொல்லை ஏற்படுகிறதா?
- வண்டிச் சாவி பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா?

நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், உங்கள் பொறுப்பில் உள்ளவர்கள் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. பிள்ளை வகுப்பறையில் இருக்கும் நேரம் மட்டுமல்ல, வாசலைத் தாண்டித் திரும்பி வரும் வரையுள்ள நேரமும் அந்தப் பொறுப்பில் அடங்கும்.

நம் பிள்ளைகளின் காலடிகளை நன்மையான காலடிகளாக அல்லாஹ் எழுதுவானாக! அவர்களைப் பாதுகாத்து, பயன் தரும் கல்வியை வழங்குவானாக! பாதையின் உரிமையைப் பேணும் மக்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.