டில்லர் பின்னால் வர மறுத்தால்...



இந்த மாதப் பாடம் கணக்கு நோட்டைப் பற்றியது இல்லை. பவர் டில்லரைப் பற்றியது. "மிஷின் சமாச்சாரமெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்று வட்டாரத்தில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தோப்புகளில் களை உழுவதற்காகக் குழுவாகச் சேர்ந்து டில்லர் வாங்கி வாடகைக்கு விடுகிற பெண்கள் இருக்கிறார்கள். கடன் நம் பெயரில், தவணை நம் பெயரில். அப்படியிருக்க மிஷினைப் பற்றிய அறிவு மட்டும் எதற்கு அடுத்தவர் கையில் இருக்க வேண்டும்?

மம்சாபுரம் பக்கம் ஒரு தோப்பில் நடந்ததைச் சொல்கிறேன். குழுவின் டில்லரை ஒரு அக்கா ஓட்டிக்கொண்டிருந்தார். வரிசை முடிந்து வரப்பில் முட்டி நின்றது. ரிவர்ஸ் போட்டுப் பார்த்தார், கியர் விழவில்லை. கிளட்சைப் பிடித்து விட்டுப் பிடித்து விட்டுப் பார்த்தார். "என்ன மதினி, இது பின்னாடி வரவே மாட்டேங்குது!" நாலு பேர் சேர்ந்து கைப்பிடியைப் பிடித்து இழுத்து, திருப்பி, அடுத்த வரிசையில் விட்டார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இதே கதை. இரண்டு நாள் இப்படியே ஓடியது. தோப்புக்காரர் மணிக்கணக்கு பார்த்து முகம் சுளித்தார். மூன்றாம் நாள் ஒரு ரிப்பேர்க்காரரைக் கூட்டி வந்தார்கள். பத்தே நிமிஷம். எதையோ கழற்றினார், ஒரு கம்பியால் எதையோ இழுத்துக் கட்டினார், 800 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ரிவர்ஸ் விழுந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அன்று சாயங்காலமே அந்த அக்காவின் வலது கால் செருப்பைக் கத்தி இழுத்துக்கொண்டது. செருப்பு இரண்டு துண்டாகிப் போனது. கால் தப்பியது அவர் நல்ல நேரம்.

என்ன நடந்தது என்று புரிய வேண்டுமானால் மிஷினின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னால் இன்ஜின். அதிலிருந்து வி பெல்ட் வழியாகச் சுழற்சி கிளட்சுக்கு வருகிறது. கிளட்சிலிருந்து கியர் பெட்டிக்கு. கியர் பெட்டியிலிருந்து சுழற்சி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சக்கரத்துக்கு. இன்னொன்று பின்னால் இருக்கும் ரோட்டரிக்கு, அதாவது மண்ணைக் கிளறும் கத்திகளுக்கு. பதினாறு, இருபது கத்தி இருக்கும். நிமிஷத்துக்கு 200 சுற்றுக்கு மேல் சுழலும். இந்தக் கத்திகளுக்கு நேர் பின்னால்தான் நாம் நடக்கிறோம், அல்லது சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

வண்டி முன்னே போகும்போது கத்தி நம்மை விட்டு விலகிப் போகிறது. பின்னே வரும்போது? நம் காலை நோக்கி வருகிறது. பின்னால் ஒரு தென்னை மரமோ வரப்போ இருந்தால் நமக்கு ஒதுங்க இடமும் கிடையாது. இதை யோசித்துத்தான் பல மாடல்களில் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். ரோட்டரி சுழலும்படி லீவர் போட்டிருந்தால் ரிவர்ஸ் கியர் விழாது. ரிவர்ஸ் போட்டிருந்தால் ரோட்டரி லீவர் விழாது. ஆகவே ரிவர்ஸ் விழவில்லை என்றால் முதலில் "மிஷின் கெட்டுப்போச்சு" என்று நினைக்க வேண்டாம். மிஷின் நம் காலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம்.

அந்த ரிப்பேர்க்காரர் கம்பி கட்டியது இந்தப் பூட்டைத்தான். கட்டியதும் கத்தி சுற்றிக்கொண்டே வண்டி பின்னால் வந்தது.

இது நம் ஊர் டில்லருக்கு மட்டும் உள்ள ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் வீட்டைச் சுற்றிப் பெரிய புல்தரை வைத்திருப்பவர்கள் சின்ன டிராக்டர் மாதிரி ஒரு மிஷினில் உட்கார்ந்து புல் வெட்டுவார்கள். அதைப் பின்னால் எடுக்கும்போது பின்னே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகள் கத்தியில் சிக்கிய விபத்துகள் நிறைய நடந்தன. அதனால் 2000களின் தொடக்கத்திலிருந்து அங்கே வரும் வண்டிகளில், கத்தி சுற்றும்போது ரிவர்ஸ் போட்டால் கத்தியோ இன்ஜினோ நின்றுவிடும்படி செய்திருக்கிறார்கள். அங்கேயும் "வண்டி ரிவர்ஸ் போக மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களும், பூட்டைக் கழற்றிப் போடுகிறவர்களும் உண்டு. மனுஷ புத்தி எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

சரி, நம் டில்லருக்கு வருவோம். ரிவர்ஸ் பிரச்னை வந்தால் எந்த வரிசையில் பார்ப்பது?

முதலில் ரோட்டரி லீவர். அதை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். கொண்டு வந்தால் போதாது, முழுக்க வந்திருக்கிறதா என்று பாருங்கள். தென்னந்தோப்பில் ஓட்டும்போது மட்டைநார், வேர், கயிறு எல்லாம் கத்தியில் சுற்றிக்கொள்ளும். அப்போது உள்ளே பல்லுக்கும் பல்லுக்கும் இறுக்கம் விழுந்து லீவர் பாதியில் நின்றுவிடும். பார்க்க நியூட்ரல் மாதிரி இருக்கும், ஆனால் இருக்காது. இன்ஜினை நிறுத்திவிட்டு (இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், நிறுத்திவிட்டு), கியரை நியூட்ரலில் வைத்து வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே லீவரைத் தள்ளினால் சுலபமாக வந்துவிடும். சுற்றிய நாரையும் அப்போதே அறுத்து எடுங்கள். இன்ஜின் ஓடும்போது குனிந்து கத்தியைத் தொடக்கூடாது. கிளட்ச் பிடித்திருந்தாலும் கூடாது. லீவரிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் கம்பி வளைந்திருக்கிறதா, முனையில் பின் கழன்றிருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கிளட்ச். லீவரை முழுக்க இழுத்த பிறகும் கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்று அர்த்தம். கம்பியின் அளவைச் சரிசெய்ய வேண்டும். இதற்கான நட்டு வெளியிலேயே இருக்கும். மிஷினோடு வந்த புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். சத்தமே இல்லாமல் கியர் விழ மறுத்தால் வேறு காரணம். உள்ளே பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கலாம். நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை ஒரு தடவை விட்டுப் பிடித்து மறுபடி போட்டால் விழும். வண்டி முன்னே நகர்ந்துகொண்டிருக்கும்போதே ரிவர்ஸ் தள்ளுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கியர் பல் உடைவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. வண்டி நிற்கட்டும், பிறகு போடுங்கள்.

இன்னொரு விதமான பிரச்னை, ரிவர்ஸ் விழுந்துவிடுகிறது, ஆனால் வண்டி நகரவில்லை. இப்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: முன்னே போகும்போது எப்படி இருக்கிறது? முன்னே போகவும் திணறினால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கும். இன்ஜினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுமார் ஒரு அங்குலம் அமுங்கினால் சரி. தொளதொளவென்று போனால் இறுக்க வேண்டும். பெல்ட்டில் ஆயில் பட்டிருந்தாலும் வழுக்கும். முன்னே நன்றாகப் போகிறது, ரிவர்ஸில் மட்டும் நகரவே இல்லை, அல்லது போட்ட கியர் தானாகவே கழன்று வருகிறது என்றால் கோளாறு கியர் பெட்டிக்குள். அது நம் வேலை இல்லை, கம்பெனி சர்வீஸுக்குப் போக வேண்டியதுதான்.

நடுவில் ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். கைப்பிடிக்குக் கீழே இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று திருப்புவதற்கான சின்ன லீவர் இருக்கிறதல்லவா? இடதைப் பிடித்தால் இடது சக்கரத்துக்குச் சக்தி போகாது, வலதைப் பிடித்தால் வலதுக்குப் போகாது. ரிவர்ஸில் பயத்தோடு கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும்போது நம்மை அறியாமல் இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறோம். வண்டி எப்படி நகரும்? விரலைத் தளர்த்தினால் போதும். கையை எடுத்த பிறகும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுற்றினால், மற்றப் பக்கத்துக் கேபிள் இறுகிப்போயிருக்கிறது.

கியர் ஆயிலையும் மறக்க வேண்டாம். அளவு பாருங்கள், நிறம் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பளபளவென்று இரும்புப் பொடி தெரிந்தால் ஓட்டாதீர்கள்.

ரிவர்ஸ் சரியாகிவிட்டது, இனி எப்படிப் பின்னால் எடுப்பது? முதலில் திரும்பிப் பாருங்கள். மரம், வரப்பு, கிணற்று விளிம்பு, பிள்ளைகள். ரோட்டரியை நிறுத்துங்கள். இன்ஜின் வேகத்தைக் குறையுங்கள். பிறகு கிளட்சை மெதுவாக விடுங்கள். ஏன் மெதுவாக என்றால், ரிவர்ஸில் சக்கரம் பின்பக்கம் சுற்றும்போது வண்டியின் மூக்கு கீழே குத்தும், கைப்பிடி மேலே எழும்பும். சடக்கென்று விட்டால் கைப்பிடி நெஞ்சில் இடிக்கும். கைப்பிடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு விட வேண்டும். சீட்டில் உட்கார்ந்து ரிவர்ஸ் எடுப்பதைவிட இறங்கி, பக்கவாட்டில் கொஞ்சம் ஒதுங்கி நின்று எடுப்பது நல்லது. திரும்புவதும் மாறிப்போகும். முன்னே போகும்போது இடது லீவரைப் பிடித்தால் மூக்கு இடப்பக்கம் திரும்பும், ரிவர்ஸில் வலப்பக்கம் திரும்பும். வெறும் தரையில் நாலு தடவை எடுத்துப் பழகினால் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

சேலை விஷயம் எழுதினால் சிலருக்குக் கோபம் வருகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், மேலே ஆம்பளைச் சட்டை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், ரப்பர் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். நாற்று நட, களை எடுக்கச் சட்டை போடுகிறோம். அதே சட்டைதான்.

சின்னப் பவர் வீடர் வைத்திருக்கும் குழுக்கள் கவனிக்க: சிலவற்றில் சக்கரமே கிடையாது, சக்கரம் இருக்கும் இடத்தில் கத்திதான் இருக்கும். அதில் ரிவர்ஸ் போட்டால் கத்தியே நம் பக்கம் உருண்டு வரும். அவற்றில் ரிவர்ஸுக்குத் தனிப் பிடி, தனிக் கேபிள் இருந்தால் பெரும்பாலும் கேபிள் தளர்வதுதான் கோளாறு. சரிசெய்வது சுலபம், ஆனால் ரிவர்ஸ் எடுக்கிற தேவையே வராதபடி வளைத்துத் திருப்புவது அதைவிட நல்லது.

நம் நாட்டுக்கு டில்லர் 1960களில் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே சின்னச் சின்ன நெல் வயலுக்காகச் செய்த மிஷின் அது. பெங்களூரில் வி.எஸ்.டி. கம்பெனி 1967ல் தொடங்கியது, மிட்சுபிஷியோடு சேர்ந்து. கேரளாவில் ஆலுவா பக்கம் அத்தாணியில் அரசு நிறுவனமான காம்கோ 1973ல் தொடங்கியது, குபோட்டாவோடு சேர்ந்து. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தனை வருஷமாக இங்கேயே தயாராகும் மிஷினுக்கு உதிரிபாகம் கிடைக்காது, விவரம் தெரிந்த ஆள் கிடைக்காது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். மிஷினோடு வந்த புத்தகத்தை பீரோவில் பூட்டி வைக்காமல் ஓட்டுகிறவர் கையில் கொடுங்கள். தமிழில் இல்லையென்றால் டீலரிடம் கேளுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும், அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்திலும் பயிற்சி எப்போது என்று விசாரிக்கலாம். மானியத்துக்கு மனு கொடுக்கப் போகிற குழுக்கள் அப்போதே இதையும் கேட்டு வந்துவிடுங்கள். ஆந்திராவில் அனந்தபுரம் பக்கம் கார்லதின்னே என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையமும் இருக்கிறது.

ரிப்பேருக்கு விடும்போது மூன்று காரியம் செய்யுங்கள். குழுவில் ஒருவர் பக்கத்தில் நின்று என்ன கழற்றுகிறார் என்று பார்க்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பில் வாங்கி, தேதி, ஓடிய மணி, செய்த வேலை மூன்றையும் வாடகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வேண்டும். வாடகை மணிக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் ஆறு மணி நேரம் நின்றாலே 3000 ரூபாய் போச்சு. அந்தக் கணக்கும் நோட்டில் இருக்கட்டும், தவணை தள்ளிப்போனால் காரணம் சொல்ல உதவும். "பூட்டை எடுத்துட்டா ஈசியா இருக்கும்க்கா" என்று மெக்கானிக் தம்பி சொன்னால், "வேண்டாம் தம்பி, இருக்கிறபடியே சரி பண்ணிக் கொடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

மம்சாபுரம் பக்கத்துக் குழுவினர் செருப்பு போன மறுநாளே கூடிப் பேசி, வேறொரு மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். அவர் கட்டியிருந்த கம்பியை முதலில் அவிழ்த்தார். பிறகு ரோட்டரி லீவர் கம்பியைத் தொட்டுக் காட்டினார். ஏதோ ஒரு நாள் தோப்பில் மரத்தில் இடித்து அரை விரல் அளவு வளைந்திருந்தது. அதனால்தான் லீவர் நியூட்ரலுக்கு வந்த மாதிரி தெரிந்தும் உள்ளே வரவில்லை, பூட்டும் விடவில்லை. கம்பியைக் கழற்றி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி மாட்டினார். கூலி 150 ரூபாய். மறுபடி லீவரை நியூட்ரலில் தள்ளியதும் ரிவர்ஸ் விழுந்தது, ரோட்டரி போட்டதும் விழ மறுத்தது. அந்த அக்காவே இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பில்லில் கையெழுத்துப் போட்டார். முதலில் கொடுத்த 800 ரூபாய் மட்டும் திரும்பி வரவில்லை.