பூட் ஆகாத ராஸ்பெர்ரி பை: மெமரி கார்டை பார்மட் செய்யும் முன் படியுங்கள்

மின்சாரம் போய் வந்துவிட்டது. மின்விசிறியும் டி.வி.யும் ஓடுகின்றன. அலமாரி மூலையில் இருக்கும் ராஸ்பெர்ரி பை மட்டும் எழுந்திருக்கவில்லை. திரையில் எழுத்துகள் ஓடி, 'கெர்னல் பேனிக்' என்ற வரியோடு பாதியில் நிற்கிறது. அல்லது திரையே கருப்பாக இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

பலர் உடனே செய்வது, மெமரி கார்டை எடுத்து பார்மட் செய்து சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றுவதுதான். கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் அதிலிருந்த விவரங்கள் போய்விடும். சில வாரங்களில் அதே கோளாறு திரும்பவும் வரும். ஏனென்றால் கோளாறுக்கான காரணத்தை நாம் தொடவே இல்லை. விவரங்களைக் காப்பாற்றுவது, சரி செய்வது, காரணத்தை நீக்குவது என்ற மூன்றையும் இந்தக் கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம். இந்த வரிசை மாறக்கூடாது.

யாருக்கு இது தேவை?

2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை, உள்ளங்கை அளவுள்ள ஒரு கம்ப்யூட்டர். ஒரே ஒரு வேலையைத் தொடர்ந்து செய்ய வைக்கப்படும் இத்தகைய கம்ப்யூட்டர்களை எம்பெடட் கம்ப்யூட்டர் என்கிறோம். கேமரா பதிவு, போட்டோக்களைச் சேமிக்கும் பெட்டி, கடையின் பில் கணக்கு என்று பலரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதில் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. சிஸ்டமும் உங்கள் பைல்களும் நகத்தளவு மைக்ரோ எஸ்.டி. கார்டில்தான் இருக்கும்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை நம்பித் தொழில் செய்யும் ஒருவர், ராயபுரத்தில் உள்ள தன் வீட்டில் இப்படி ஒரு கம்ப்யூட்டரை வைத்திருக்கிறார். ஐஸ், டீசல் செலவும், யார் யார் எவ்வளவு பாக்கி தர வேண்டும் என்ற கணக்கும் அதில்தான் இருக்கின்றன. சிஸ்டம் போனால் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம். மூன்று மாதப் பாக்கிக் கணக்கு போனால், கடன் வாங்கியவர்கள் சொல்வதுதான் கணக்கு!

மின்சாரம் போனால் பைல்கள் ஏன் கெடுகின்றன?

நீங்கள் 'சேவ்' கொடுத்ததும் பைல் உடனே கார்டில் போய் உட்கார்ந்துவிடுவதில்லை. சில நொடிகள் ராம் நினைவகத்தில் காத்திருந்து, பிறகுதான் எழுதப்படும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், எழுதியது பாதி, எழுதாதது பாதி என்று நின்றுவிடும்.

இதைச் சமாளிக்க லினக்ஸில் ஒரு வழி உண்டு. நம் கடைகளில் அன்றாட வரவு செலவை முதலில் சிட்டாவில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள் அல்லவா? அதேபோல லினக்ஸின் எக்ஸ்ட்4 பைல் சிஸ்டம், செய்யப்போகும் மாற்றத்தை முதலில் 'ஜர்னல்' என்ற பகுதியில் குறித்துக்கொள்கிறது. இடையில் மின்சாரம் போனாலும், அடுத்த முறை பூட் ஆகும்போது அந்தச் சிட்டாவைப் பார்த்துப் பேரேட்டைச் சரி செய்துகொள்ளும்.

பிறகு ஏன் கெடுகிறது? இரண்டு காரணங்கள். முதலாவது, ராஸ்பெர்ரி பையின் கார்டில் இரண்டு பார்ட்டிஷன்கள் உள்ளன. சிஸ்டமும் உங்கள் பைல்களும் உள்ள பார்ட்டிஷன் எக்ஸ்ட்4 வகை. பூட் பைல்கள் உள்ள முதல் பார்ட்டிஷன் பேட்32 வகை. பேட்32க்கு சிட்டா கிடையாது. இரண்டாவது, மெமரி கார்டில் ஓர் எழுத்தை மட்டும் அழித்து எழுத முடியாது. ஒரு பெரிய பிளாக்கை மொத்தமாக அழித்துத்தான் திரும்ப எழுத வேண்டும். இந்த வேலையைக் கார்டுக்குள் இருக்கும் ஒரு சிறு சிப் செய்கிறது. அது அழித்து எழுதும் நொடியில் மின்சாரம் போனால், நீங்கள் தொடாத பழைய பைல்கூடக் கெடலாம். அங்கே ஜர்னலாலும் உதவ முடியாது.

முதல் படி: விளக்கையும் திரையையும் பாருங்கள்

கார்டை எடுக்கும் முன் போர்டைக் கவனியுங்கள். 3, 4 மாடல்களில் சிவப்பு விளக்கு மின்சாரத்தையும், பச்சை விளக்கு கார்டின் செயல்பாட்டையும் காட்டும்.

1. சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் மின்னழுத்தம் போதவில்லை. அடாப்டரையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

2. பச்சை விளக்கு நான்கு முறை சிமிட்டி, இடைவெளி விட்டு மீண்டும் நான்கு முறை சிமிட்டினால், பூட் பார்ட்டிஷனில் தொடக்க பைல் கிடைக்கவில்லை. ஏழு முறை சிமிட்டினால் கெர்னல் பைல் கிடைக்கவில்லை. இரண்டுமே முதல் பார்ட்டிஷனில் கோளாறு என்பதற்கு அடையாளம்.

3. திரையில் எழுத்துகள் ஓடி, 'ரூட்' பைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று நின்றால், பூட் பார்ட்டிஷன் வேலை செய்கிறது. இரண்டாவது பார்ட்டிஷனில்தான் கோளாறு.

4. விளக்கு சிமிட்டவே இல்லை என்றால், கார்டைக் கழற்றி அதன் தங்க நிறப் பட்டைகளைப் பாருங்கள். திருவொற்றியூர், எண்ணூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றால் இவை கறுத்துப்போகலாம். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: கார்டை நகல் எடுங்கள்

கவனம் தேவைப்படும் இடம் இதுதான். கார்டை ரீடரில் போட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால், 'இந்த டிரைவைப் பயன்படுத்த பார்மட் செய்ய வேண்டும், செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கலாம். கார்டு கெட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. விண்டோஸுக்கு எக்ஸ்ட்4 படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். நல்ல கார்டைப் போட்டாலும் இதையே கேட்கும். 'கேன்சல்' கொடுங்கள்.

இந்த வேலைக்கு லினக்ஸ் வசதியானது. உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை பூட் செய்யுங்கள். 'ட்ரை உபுண்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். உங்கள் விண்டோஸுக்கு எந்தப் பாதிப்பும் வராது.

1. 'டிஸ்க்ஸ்' என்ற புரோகிராமைத் திறக்கவும்.

2. இடப்பக்கப் பட்டியலில் உங்கள் கார்டைத் தேர்ந்தெடுக்கவும். அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளவும்.

3. மேலே உள்ள மெனுவில் 'கிரியேட் டிஸ்க் இமேஜ்' என்பதை கிளிக் செய்யவும்.

4. இமேஜ் பைலை வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்கவும். 32 ஜி.பி. கார்டு என்றால் 32 ஜி.பி. இடம் வேண்டும்.

பாதியில் 'படிக்க முடியவில்லை' என்ற பிழை வந்தால் கார்டே தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது திரும்பத் திரும்ப முயற்சி செய்யாதீர்கள். லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச புரோகிராம் உள்ளது. அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்து வைத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு வரும்.

மூன்றாம் படி: நகலைச் சரி செய்யுங்கள்

புதிய கார்டு ஒன்று வாங்குங்கள். 32 ஜி.பி.க்கு 64 ஜி.பி.யாக வாங்குவது நல்லது. ஒரே அளவு என்று அச்சிட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சிறிது வித்தியாசம் இருக்கும். புதிய கார்டு சற்றுச் சிறியதாக இருந்தால் இமேஜ் அதில் அடங்காது. போலிக் கார்டுகளும் சந்தையில் உண்டு. எங்கே வாங்கினாலும் முதலில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற விண்டோஸ் புரோகிராமால் அதன் உண்மையான கொள்ளளவைச் சோதித்துவிடுங்கள்.

1. 'டிஸ்க்ஸ்' புரோகிராமில் புதிய கார்டைத் தேர்ந்தெடுத்து, 'ரீஸ்டோர் டிஸ்க் இமேஜ்' மூலம் நகலை ஏற்றவும்.

2. இரண்டாவது பார்ட்டிஷனை கிளிக் செய்யவும். அது மவுண்ட் ஆகியிருந்தால் சதுரப் பொத்தானை அழுத்தி அன்மவுண்ட் செய்யவும். மவுண்ட் ஆன பார்ட்டிஷனை ஒருபோதும் ரிப்பேர் செய்யக்கூடாது.

3. பல்சக்கரக் குறியை அழுத்தி 'ரிப்பேர் பைல்சிஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். முதல் பார்ட்டிஷனுக்கும் இதையே செய்யவும்.

4. முடிந்ததும் கார்டை ராஸ்பெர்ரி பையில் போட்டு பூட் செய்து பார்க்கவும்.

ரிப்பேர் செய்யும்போது சில பைல்கள் பெயரை இழந்துவிடலாம். அவை 'லாஸ்ட் பிளஸ் பவுண்ட்' என்ற போல்டரில் வெறும் எண்களோடு கிடக்கும். கணக்கு பைல் காணவில்லை என்றால் அங்கே தேடுங்கள்.

சூப்பர்பிளாக் கெட்டுவிட்டது என்று செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். பைல் சிஸ்டத்தின் முகவரிப் பலகை போன்றது சூப்பர்பிளாக். எக்ஸ்ட்4 அதற்குப் பல நகல்களை வைத்திருக்கிறது. வழக்கமான 4 கே.பி. பிளாக் அளவில், முதல் நகல் 32768ஆம் பிளாக்கில் இருக்கும். 'இ2எப்எஸ்சிகே' கட்டளையில் மைனஸ் பி சேர்த்து இந்த எண்ணைக் கொடுத்தால், அந்த நகலை வைத்துச் சரி செய்யும்.

அப்படியும் பூட் ஆகவில்லையா? சிஸ்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டாவது பார்ட்டிஷனை உபுண்டுவில் திறந்து, 'ஹோம்' போல்டரில் உள்ள உங்கள் பைல்களை மட்டும் நகல் எடுத்துவிட்டு, சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய கார்டும் இமேஜும் அப்படியே இருப்பதால், எங்கே தவறினாலும் திரும்ப முதலிலிருந்து தொடங்கலாம்.

செவ்வாய் கிரகத்திலும் இதே கதை

கெட்ட டிஸ்க்கை விட்டுவிட்டு வேறு இடத்திலிருந்து பூட் செய்து பார்க்கும் இந்த வழி, நாசாவின் 'ஸ்பிரிட்' ஊர்தியையும் காப்பாற்றியது. 2004 ஜனவரி 4 அன்று செவ்வாயில் இறங்கிய அது, ஜனவரி 21 அன்று ஒழுங்காகப் பேசுவதை நிறுத்திவிட்டது. அதன் கம்ப்யூட்டர் 60 முறைக்கு மேல் மீண்டும் மீண்டும் பூட் ஆகிக்கொண்டிருந்தது. அதன் பிளாஷ் மெமரியில் பைல்கள் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டன. அவற்றின் பட்டியலை ஏற்றவே ராம் போதவில்லை. பூட் ஆகும், பிளாஷைத் திறக்கும், விழும், மறுபடி பூட் ஆகும்.

பொறியாளர்கள் பிளாஷைத் தொடாமல் ராமை மட்டும் வைத்து பூட் ஆகும்படி கட்டளை அனுப்பினார்கள். காரணத்தைக் கண்டுபிடித்துத் தேவையற்ற பைல்களை நீக்கினார்கள். பிப்ரவரியில்தான் பிளாஷை பார்மட் செய்தார்கள். மூன்று மாதம் வேலை செய்யத் திட்டமிட்ட ஸ்பிரிட், 2010 மார்ச் வரை தகவல் அனுப்பியது. முதலிலேயே பார்மட் செய்திருந்தால் காரணம் தெரிந்திருக்காது. கேமரா பதிவால் நிறைந்துபோன கார்டும் பூட் ஆவதைக் கெடுக்கும் என்பதை இதிலிருந்து நினைவில் கொள்ளுங்கள்.

நான்காம் படி: காரணத்தை நீக்குங்கள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின்போதும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போதும் வடசென்னை மின்சாரமின்றித் தவித்தது. அத்தகைய நாட்களில் மின்சாரம் ஒருமுறை போய் ஒருமுறை வருவதில்லை. வந்து வந்து போகும். ஒவ்வொரு முறையும் கார்டுக்கு ஓர் ஆபத்து. புயலை நாம் நிறுத்த முடியாது. இவற்றைச் செய்யலாம்.

அடாப்டர்: போன் சார்ஜர் வேண்டாம். மாடல் 3க்கு 2.5 ஆம்பியர், மாடல் 4க்கு 3 ஆம்பியர், மாடல் 5க்கு 5 ஆம்பியர் அடாப்டர் தேவை. மெல்லிய, நீளமான கேபிளில் மின்னழுத்தம் குறையும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும். திரையின் மேல் மூலையில் மின்னல் குறி தெரிந்தால் அது இதுதான்.

யு.பி.எஸ்.: 5 வோல்ட் தரும் சிறு யு.பி.எஸ். ஒன்று போதும். மின்சாரம் நீண்ட நேரம் வராது என்று தெரிந்தால், 'ஷட் டவுன்' கொடுத்து, பச்சை விளக்கு சிமிட்டுவது நின்ற பிறகே பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஓவர்லே: 'ராஸ்பி-கான்பிக்' புரோகிராமில் 'பெர்பார்மன்ஸ் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஓவர்லே பைல் சிஸ்டம்' உள்ளது. இதை இயக்கினால் சிஸ்டம் கார்டில் எதையும் எழுதாது. எல்லாம் ராமில்தான் நடக்கும். மின்சாரம் போனாலும் கார்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அன்று நீங்கள் அடித்த கணக்கும் ராமோடு போய்விடும்! எனவே கணக்கு பைல்களைத் தனி யு.எஸ்.பி. டிரைவில் வையுங்கள். நம்பிப் பயன்படுத்தும் முன் அந்த டிரைவில் ஒரு வரி எழுதி, ரீபூட் செய்து, அந்த வரி அப்படியே இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

பேக்கப்: வாரம் ஒருமுறை கணக்கு போல்டரை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, டிரைவைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே இருக்கும் டிரைவ் பேக்கப் ஆகாது. எல்லாம் சரியாக ஓடும் ஒரு நாளில், இரண்டாம் படியில் சொன்னபடி முழுக் கார்டையும் ஒரு இமேஜ் எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த முறை கார்டு கெட்டால், புதிய கார்டில் இமேஜை ஏற்றி, பென் டிரைவில் உள்ள கணக்கைச் சேர்த்தால் வேலை முடிந்தது.