எண்ணில் அடங்கிய உலகம்

உலகப் படத்தைத் தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டுவது எளிது. அதே உலகத்தை எண்களாக மாற்றிக் கணிப்பொறிக் கோப்பொன்றில் பிழையின்றிப் பதிந்து வைப்பது அவ்வளவு எளிதன்று. இவ்வுண்மையை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. என் தவற்றிலிருந்தே கற்றேன். ஆதலின் அதனை முதலில் ஒப்புக்கொண்டு பின்னர்ப் பாடத்திற்கு வருகிறேன்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது நான் இங்கு முதுகலை மாணவன். நம் மன்றத்தினர் போர்வையும் துணியும் திரட்டினர். லாரி செல்லவேண்டிய ஊர்களின் இருப்பிடங்களைக் கோப்பாக்கித் தரும் பணி என்னிடம் வந்தது. பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்து எழுதினேன். வேதாரணியம் வடக்கு 10 பாகை 22 நிமிடம், கிழக்கு 79 பாகை 51 நிமிடம் என்றிருந்தது. நான் 10.22 என்றும் 79.51 என்றும் பதிந்தேன்.

படத்தை விரித்தால் வேதாரணியம் பாக் நீரிணையில் மிதந்தது! உண்மையான இடத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் விலகல். பாகைக்கு 60 நிமிடம் என்பதை மறந்து 100 போல எழுதிவிட்டேன். 22ஐ 60ஆல் வகுத்து 10.37 என்றும், 51ஐ 60ஆல் வகுத்து 79.85 என்றும் எழுதியிருக்க வேண்டும்.

கடலில் விழுந்த ஊர் என்னைக் காப்பாற்றியது. தரையில் விழுந்த ஊர்களே அச்சந் தந்தன. மன்னார்குடி 10 பாகை 40 நிமிடம், 79 பாகை 27 நிமிடம். அதனை 10.40, 79.27 என்று எழுதியதால் அது பட்டுக்கோட்டைக்கு அருகே போய் அமர்ந்துவிட்டது. அங்கும் தென்னை சாய்ந்திருந்தது; அங்கும் மக்கள் தவித்தனர். லாரி அங்கே போய் நின்றிருந்தால் பிழையென்று யார் சொல்லியிருப்பார்? நல்லவேளையாகப் பட்டியல் அனுப்பப்படுமுன் திருத்திவிட்டேன். அன்று முதல் இக்கலையை முறையாகப் பயிலத் தொடங்கினேன். பயின்றவற்றுள் இன்றியமையாதவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, எண்ணின் வடிவம். கோப்பில் பாகையைத் தசமமாக எழுதுவதே இன்றைய வழக்கு. வடக்கும் கிழக்கும் நேர்க்குறி. தெற்கும் மேற்கும் எதிர்க்குறி. அட்சரேகை 90க்கு மேற்போகாது; தீர்க்கரேகை 180க்கு மேற்போகாது.

இரண்டாவது, வரிசை. பேச்சில் நாம் அட்சரேகையை முதலிற் கூறுகிறோம். ஆனால் இன்று பெரிதும் வழங்கும் ஜியோஜேசன் என்னும் கோப்பு முறையில் தீர்க்கரேகையே முதலில் வரும். 2016இல் வெளியான அதன் விதி இதனைத் தெளிவாக வரையறுக்கிறது. வரைபடத்தாளில் கிடைத்தூரத்தை முதலிலும் உயரத்தைப் பின்னரும் குறிக்கிறோம் அன்றோ? அவ்வழக்கையே இம்முறை பின்பற்றுகிறது. சென்னை 13.08 வடக்கு, 80.27 கிழக்கு. இவ்விரண்டும் இடம் மாறினால் நம் சென்னை நார்வே நாட்டு ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கும் வடக்கே, ஆர்க்டிக் கடலில் போய் விழும். இதிலொரு நுட்பம் காண்க. டோக்கியோவின் தீர்க்கரேகை 139க்கு மேல். அதை அட்சரேகையாக இட்டால் 90ஐ மீறுவதால், சோதிக்கும் நிரல் உடனே மறுத்துவிடும். இந்தியாவின் பெரும்பகுதியோ 90க்கு மேற்கே உள்ளது. ஆதலால் நம் ஊர்களை மாற்றி எழுதினால் கணிப்பொறி முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, நுண்மை. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதை 360ஆல் வகுத்தால் பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டர் வரும். ஆகவே இரண்டு தசமத் தானங்கள் ஒரு கிலோமீட்டரளவும், ஐந்து தானங்கள் ஒரு மீட்டரளவும், ஏழு தானங்கள் ஒரு சென்டிமீட்டரளவும் நுண்மை தரும். எண்ணைச் சேமிக்க நான்கு பைட்டுகளே உள்ளன என்று கொள்வோம். அதில் மிதவைப் புள்ளி எண்ணாக எழுதினால் சென்னையின் தீர்க்கரேகையில் அடுத்தடுத்த இரு எண்களுக்கிடையே ஏறக்குறைய 0.0000076 பாகை இடைவெளி உண்டு. அது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதே நான்கு பைட்டில், பாகையை ஒரு கோடியாற் பெருக்கி முழு எண்ணாக எழுதினால் என்ன ஆகும்? 180 பாகை 180 கோடியாகும். நான்கு பைட்டு முழு எண் 214 கோடிக்கு மேலும் கொள்ளும். இடம் மிஞ்சுகிறது; நுண்மையோ எழுபது மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது! மிதவை எண் மிகச் சிறியவற்றையும் மிகப் பெரியவற்றையும் குறிக்கத் தன் பிட்டுகளிற் சிலவற்றைச் செலவிடுகிறது. உலகப் படத்திற்கு அது வேண்டுவதில்லை. 2004இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் இம்முழு எண் முறையைக் கையாள்கிறது.

நான்காவது, கோடுகள். ஊர் ஒரு புள்ளி. கடற்கரையோ புள்ளிகளின் நெடுந்தொடர். 1996இல் வெசல், ஸ்மித் என்னும் அறிஞர் இருவர் உலகக் கடற்கரைகளைத் தொகுத்து வெளியிட்டனர். அதில் நிலம் முதற்படி. நிலத்துள் ஏரி இரண்டாம் படி. ஏரிக்குள் தீவு மூன்றாம் படி. அத்தீவுக்குள் குளம் நான்காம் படி. படியெண் இருப்பதாலன்றோ எதற்கு நீல வண்ணம் தீட்டுவதென்று கணிப்பொறி அறிகிறது! ஒரே கரையை ஐந்து நுண்மை அளவுகளிலும் அவர்கள் தந்துள்ளனர். சிறிய படத்திற்கு எல்லாப் புள்ளிகளும் வேண்டா. 1973இல் டக்ளஸ், பாய்க்கர் ஆகியோர் வெளியிட்ட முறைப்படி, கோட்டின் இரு முனைகளையும் நேராக இணைத்து, அதிலிருந்து மிக விலகிய புள்ளியைக் காண்பர். விலகல் சிறிதாயின் இடைப்புள்ளிகளை நீக்குவர். பெரிதாயின் அப்புள்ளியில் கோட்டைப் பிரித்து, இரு பகுதிகளிலும் அதையே மீண்டும் செய்வர்.

ஐந்தாவது, உலகின் தையல். பிஜித் தீவுகளை 180ஆவது தீர்க்கரேகை ஊடறுக்கிறது. 179இலிருந்து எதிர் 179க்குச் செல்வது உண்மையில் இரண்டு பாகைப் பயணமே. ஆனால் அறியாத கணிப்பொறி படத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கோடு இழுத்துவிடும். எனவே அவ்விடத்தில் உருவத்தை இரண்டாக வெட்டிச் சேமிக்கும்படி ஜியோஜேசன் விதி அறிவுறுத்துகிறது.

இறுதியாக, எந்த அளவுகோலில் அளந்தது என்பது. 1802இல் லாம்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவை, பின்னாளில் 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் கோள வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. இன்றைய செயற்கைக்கோள் கருவிகள் பயன்படுத்துவது 1984ஆம் ஆண்டின் உலக அடிப்படை. ஒரே எண், இவ்விரண்டிலும் வெவ்வேறு இடத்தைச் சுட்டும். ஷேப்ஃபைல் என்னும் கோப்பு முறையில் இக்குறிப்பு தனிக் கோப்பாக உடன் செல்கிறது. அனுப்புவோர் பெரும்பாலும் மறப்பது அதனைத்தான்.

நண்பர்களே, எண் தன் பொருளைத் தானே சொல்லாது. ஆகையால் கோப்பின் தலைப்பில் நான்கு செய்திகளை எழுதுங்கள்: அலகு, வரிசை, குறி, அடிப்படை. பின்னர் நீங்கள் நன்கறிந்த ஊர் ஒன்றைப் படத்தில் தேடிப் பாருங்கள். நான் இன்றும் முதலில் தேடுவது மன்னார்குடியைத்தான். அது தன் இடத்தில் இருந்தாலன்றிக் கோப்பை எவருக்கும் அனுப்புவதில்லை.