பார்வோ: ஒரே ஊசியோடு நிறுத்தாதீர்கள்

ஐப்பசி மழை இறங்கிவிட்டது. தெருநாய்கள் பெரும்பாலும் இந்தக் குளிர்ந்த மாதங்களில்தான் குட்டி போடும். ஆமத்தூர் சுற்றுவட்டாரத்தில் ராஜபாளையம், சிப்பிப்பாறைக் குட்டிகளை வளர்ப்போர் இப்போது செய்யவேண்டியவை: குடற்புழு மருந்து, உண்ணி பார்த்தல், படுக்க ஈரமில்லாத மேட்டிடம், மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. இவற்றைப் பலரும் செய்துவிடுகிறார்கள். கோட்டைவிடுவது, ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸுக்கான ஊசியில்தான். போன மழைக்காலத்தில் ரத்தக் கழிச்சலுக்குக் குட்டியைப் பறிகொடுத்தவர்களாவது இந்தமுறை காது கொடுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று. கடைசி ஊசி 16 வாரம் நிறைந்தபின். “ஊசி போட்டும் செத்துப்போச்சே, எதற்கு இன்னொன்று?” என்று கேட்கிறார்கள். எத்தனை ஊசி என்று திருப்பிக் கேட்டால் ஒன்று என்பதே பதில். தாயின் சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் சில வாரம் இருக்கும். அது தடுப்பூசி மருந்தையும் வேலை செய்யவிடாது. அது வடியும் காலம் குட்டிக்குக் குட்டி மாறும். நோயைத் தடுக்கப் போதாமலும் ஊசியைக் கெடுக்கப் போதுமானதாகவும் அது நிற்கும் நாட்கள்தான் ஆபத்தானவை. அந்த நாட்கள் எப்போது என்று வெளியிலிருந்து தெரியாததால்தான் தொடர்ந்து போடச் சொல்கிறோம். ஒரே ஊசி போதாது. 16 வாரம் தாண்டிய ஊசி விழாதவரை குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.

“நாட்டு நாய், எதையும் தாங்கும்” என்ற பேச்சு வேண்டாம். இந்த வைரஸ் 1978-இல்தான் நாய்களிடம் பெருகி, இரண்டே ஆண்டில் உலகெங்கும் பரவியது. 1980-களின் தொடக்கத்திலேயே சென்னையில் கண்டறியப்பட்டது. வேட்டைக்கு வளர்த்த நம் இனங்கள் அதற்குமுன் இதைக் கண்டதே இல்லை, எங்கிருந்து தாங்கும்? பினாயில் ஊற்றிக் கழுவினோம் என்பதும் வீண். பினாயிலுக்கு இது சாகாது, நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஓராண்டுகூடக் கிடக்கும். சித்திரை வெயில் கொஞ்சம் சுட்டழிக்கும்; இந்த மாதங்களில் அந்த உதவியும் கிடையாது. சிமெண்டுத் தரையை முதலில் கழுவி, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் நனைய விடுங்கள். கரிசல் முற்றத்துக்கு அதுவும் உதவாது. குட்டி செத்த முற்றத்தில் ஓராண்டுக்கு ஊசி முடியாத குட்டியை விடாதீர்கள்.

குட்டி தீனி மறுத்துச் சுருண்டு, வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சலுமாக இருந்தால் மோரும் மாதுளைத் தோலும் ஊற்றிப் பார்த்துக்கொண்டிராதீர்கள். வைரஸைக் கொல்லும் மருந்தை நம்பிச் சிகிச்சை இல்லை. இழந்த நீரை நரம்பில் ஏற்றி, குட்டியின் உடம்பே போராடித் தேற அவகாசம் வாங்கித் தருகிறோம். அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலானவை பிழைக்கும், நாள் கடத்தினால் பெரும்பாலானவை போகும். வரும்போது தரையில் விடாமல் துணியில் சுற்றித் தூக்கி வாருங்கள். நல்ல குட்டிக்கு அடுத்த ஊசித் தேதியை இன்றே காலண்டரில் குறியுங்கள். ஒன்றை அல்ல, 16 வாரம் தாண்டும்வரை எல்லாத் தேதியையும்.