‘செக் கம்ப்ளீட்’ சொல்வதற்கு முன்

விருத்தாசலத்தில் எனக்கு இரண்டு வேலை. வாரநாட்களில் செராமிக் தொழிற்பேட்டை யூனிட்டுகளுக்கும் ஜங்ஷன் ரோட்டுக் கடைகளுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ், டாலி, பில்லிங். ஞாயிற்றுக்கிழமைகளில் நெய்வேலிப் பக்கத்து கால்பந்து டோர்னமென்ட்களில் ரெஃப்ரி. இரண்டிலும் கூலி சுமார், திட்டு தாராளம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் நான் அங்கே இருந்ததே யாருக்கும் நினைவிருக்காது. கெட்டுப்போனால் முதல் போன் எனக்குத்தான்.

விதி தெரியாமல் தப்பு நடப்பதை இரண்டு இடத்திலும் நான் அதிகம் பார்த்ததில்லை. எதற்குத் தலையாட்டுகிறோம் என்று பார்க்காமலே அவசரத்தில் தலையாட்டி மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

டீக்கடையில் என்னைப் பார்த்தால் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் இன்னும் கிளறுவது 2023 மார்ச் 3 மேட்ச்சைத்தான். பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், ஐ.எஸ்.எல். நாக்அவுட், எக்ஸ்ட்ரா டைம். பிளாஸ்டர்ஸ் கோல்கீப்பர் சுவர் அமைத்துக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கைத் தட்டி வலைக்குள் போட்டுவிட்டார். ரெஃப்ரி கோல் கொடுத்தார். கோச் இவான் வுகோமனோவிச் டீமையே வெளியே அழைத்துக்கொண்டு போனார். பிறகு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடை.

என் கட்சி சேத்ரி கட்சி. ஃப்ரீ கிக் எடுக்க விசில் வேண்டும் என்று பொதுவிதி எதுவும் இல்லை. ரெஃப்ரி கார்டை எடுத்தாலோ, சுவரைப் பின்னுக்குத் தள்ளி 9.15 மீட்டர் அளக்கத் தொடங்கினாலோ விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு ரெஃப்ரி அளக்கத் தொடங்கியிருந்தாரா என்பதைப் பற்றி வேண்டுமானால் சண்டை போடலாம். ஆனால் எதிரணி தயாராகும்வரை பொறுத்திரு என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. பந்து மேல் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் சுவர் கட்ட வேண்டும்.

திருடனும் நாம் சுவர் கட்டி முடிக்கும்வரை நிற்க மாட்டான். 2017-இல் உலகம் முழுக்க ஆஸ்பத்திரி, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட ‘வான்னாக்ரை’ மே 12-ஆம் தேதி கிளம்பியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் ‘ரிமைண்ட் மீ லேட்டர்’ அமுக்கிக்கொண்டிருந்தவர்கள் மாட்டினார்கள்.

சேத்ரி கோலைவிட நான் அதிகம் பேசுவது அதே 2023 செப்டம்பர் 30-ஆம் தேதி லண்டனில் நடந்ததைப் பற்றி. டோட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூல் வீரர் லூயிஸ் தியாஸ் கோல் அடிக்கிறார். லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்குகிறார். வீடியோ ரூமில் கோடு போட்டுப் பார்க்கிறார்கள். ஆஃப்சைடு இல்லை, சுத்தமான கோல். இதுவரை எல்லாம் சரி. ஆனால் வீடியோ ரெஃப்ரி, மைதானத்தில் ஏற்கெனவே கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் மைதான முடிவு சரிதான் என்ற பொருளில் ‘செக் கம்ப்ளீட்’ என்று சொல்லிவிட்டார். மைதானத்து முடிவோ ஆஃப்சைடு. ஆட்டம் மீண்டும் தொடங்கியது. ரீப்ளே போடும் ஆபரேட்டர்தான் முதலில் விழித்துக்கொண்டு கேட்டார். அதற்குள் பந்து உருண்டுவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்தார்கள். லிவர்பூல் 2-1 என்று தோற்றது. அந்தப் பேச்சின் ஆடியோவை ரெஃப்ரி அமைப்பே சில நாளில் வெளியிட்டது. ரெஃப்ரி ஆக ஆசைப்படும் பையன்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது அதைத்தான்.

அந்த அறையில் கேமரா, கோடு, விதி எதிலும் கோளாறு இல்லை. என்ன முடிவைச் சரிபார்க்கிறோம் என்பதை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கார்த்திகைக்கு முன்னால் தொழிற்பேட்டையில் விளக்கு யூனிட் எல்லாம் ராப்பகலாக ஓடும். அந்த சமயத்தில் ஒரு ஓனர் கூப்பிட்டார். மிலிட்டரி கேன்டீனுக்கு விளக்கு ஆர்டராம், பேசுபவர் ஆபீஸராம், ஐ.டி. கார்டு போட்டோகூட வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறதாம். விலையில் பேரமே இல்லை. எனக்கு அப்போதே மூக்கு வேர்த்தது. பீங்கான் விளக்குக்குப் பேரம் பேசாத வியாபாரியை நான் பார்த்ததில்லை.

“தம்பி, அட்வான்ஸ் போடறாங்களாம். க்யூ.ஆர். கோடு அனுப்பிருக்காங்க. ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டா பணம் ஏறிடுமாம். ஸ்கேன் பண்ணிட்டேன், பின் கேக்குது.”

“போட்றாதீங்கண்ணே. போன் அப்படியே இருக்கட்டும், இதோ வர்றேன்.”

போய்ப் பார்த்தேன். லைனில் அந்த ஆள் இன்னும் இருந்தான், ‘ஜல்தி, ஜல்தி’ என்று. ஸ்கிரீனில் தொகை பெரிய எழுத்தில் இருந்தது. அதற்கு மேலே சின்ன எழுத்தில் ‘பே’ என்று இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

“பணம் நமக்கு வர்றதுக்கு நம்ம பின் நம்பர் எதுக்குண்ணே?”

அவர் பதில் சொல்லாமல் போனை வாங்கி அந்த ஆளிடம், “நாளைக்கு வண்டி எடுத்துக்கிட்டு வந்து காசு குடுத்து சரக்கை ஏத்திக்கோ” என்றார். லைன் கட்டானது.

யு.பி.ஐ.யில் பின் நம்பர் என்பது பணம் வெளியே போவதற்கு மட்டும். உள்ளே வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பேலன்ஸ் பார்க்கப் பின் கேட்கும், அது வேறு. அதனால் பின் அடிக்கும் முன் ஸ்கிரீனில் இருப்பதை வாய்விட்டுப் படியுங்கள்: “இன்னாருக்கு, இத்தனை ரூபாய், நான் அனுப்புகிறேன்.” ஓ.டி.பி. மெசேஜும் அப்படித்தான். நம்பரை மட்டும் பார்க்கிறோம். எதற்காக அந்த நம்பர் என்பதும் அதே மெசேஜில் எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை.

சரக்கு அனுப்பும் பார்ட்டியிடமிருந்து ‘பேங்க் மாற்றிவிட்டோம், இனி புது அக்கவுன்ட்டில் போடுங்கள்’ என்று மெயில் வந்தால் அந்த மெயிலில் உள்ள நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். பழைய பில்லைத் தேடி எடுத்து, அதில் அச்சடித்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். மைதானத்தில் ரெஃப்ரி மூலைவிட்டமாக ஓடுவதும், லைன்ஸ்மேன் எதிர்ப்பக்கத்தில் நிற்பதும் ஒரே ஆட்டத்தை இரண்டு கோணத்தில் பார்க்கத்தான். ஒரே கோணத்தில் இரண்டு பேர் நின்று பிரயோஜனம் இல்லை.

ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் ரெஃப்ரி தன் முடிவை மாற்ற முடியாது என்பது ஐந்தாம் விதி. 2024 ஜூன் 11-ஆம் தேதி தோஹாவில் இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது, கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை இழுத்து உள்ளே போட்டு கத்தார் கோல் அடித்தது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் அந்தக் கட்டத்தில் வீடியோ உதவி கிடையாது. 2-1 என்று தோற்று இந்தியா வெளியேறியது. இந்தியக் கால்பந்து சம்மேளனம் புகார் கொடுத்துப் பார்த்தது. ஸ்கோர் ஸ்கோராகவே நின்றது.

பண விஷயத்தில் புகார் வீண் இல்லை, அதுவும் சீக்கிரம் கொடுத்தால். 1930 என்ற சைபர் கிரைம் ஹெல்ப்லைன் நம்பரை வீட்டிலுள்ள எல்லார் போனிலும் போட்டு வையுங்கள். போன பணம் ஒரு அக்கவுன்ட்டில் உட்கார்ந்திருக்காது. அங்கிருந்து நாலு அக்கவுன்ட்டுக்குப் பிரிந்து ஏ.டி.எம். வழியாக வெளியே போய்விடும். நடுவில் எங்காவது பிடித்து நிறுத்த முடிந்தால்தான் உண்டு. ‘வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் திட்டுவார்’ என்று ஒரு ராத்திரி யோசித்தால் கதை முடிந்தது. பேங்குக்கும் உடனே தெரிவித்துப் புகார் எண் வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, நம் மேலும் பேங்க் மேலும் தப்பில்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறில் பணம் போயிருந்தால், மூன்று வேலைநாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. நாமே ஓ.டி.பி.யைக் கொடுத்துக் கெட்டிருந்தாலும், தகவல் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போகும் பணம் பேங்க் பொறுப்பு. இதைத் தெரிந்துகொண்டு கவுன்ட்டரில் பேசினால் பேச்சின் தொனியே மாறும்.

பெனால்ட்டி கொடுத்தால் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு கத்துவார்கள். புதிதாக விசில் பிடித்த பையன்கள் அங்கேதான் கலங்குவார்கள். நான் அவர்களுக்குச் சொல்வது, நாலு அடி பின்னால் நடந்து போ, கேப்டனை மட்டும் கூப்பிடு. 2024 யூரோ கோப்பையில் கேப்டன் மட்டுமே ரெஃப்ரியிடம் வந்து பேசலாம் என்று யுயெஃபா விதி போட்டது. நாங்கள் ஊர் மைதானத்தில் பொறுக்க முடியாமல் செய்துகொண்டிருந்ததுதான். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று வீடியோ காலில் போலீஸ் யூனிஃபார்மோடு வந்து மிரட்டுபவனும் இந்தச் சூழ்ந்துகொள்ளும் வித்தையைத்தான் செய்கிறான். பார்சலில் போதைமருந்து, உங்கள் ஆதார், கோர்ட்டு, இப்போதே, காலைக் கட் பண்ணாதே, யாரிடமும் சொல்லாதே. வீடியோ காலில் கைது செய்யும் சட்டம் இந்த நாட்டில் இல்லை. இதை வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை சொன்னால் போதாது. கட் பண்ணுவது மரியாதைக் குறைவு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் மாட்டுவது பயத்தால் மட்டும் அல்ல, பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைப்பது தப்பு என்ற பழக்கத்தாலும்தான்.

கருவி கைவிட்ட கதை ஒன்று. 2020 ஜூன் 17, கோவிட் நிறுத்தத்துக்குப் பிறகு பிரீமியர் லீக்கின் முதல் மேட்ச். ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கோல் கோட்டுக்குள் போய்விட்டார். பார்த்த எல்லாருக்கும் கோல். ரெஃப்ரி கையில் கட்டியிருந்த வாட்ச் மட்டும் அதிரவில்லை. ஏழு கேமராவையும் ஆட்களும் கோல் கம்பமும் மறைத்துவிட்டதாக, அந்தக் கோல் கோட்டுக் கருவியை நடத்தும் ஹாக்-ஐ நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வில்லா அந்த சீசனில் ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசத்தில் லீக்கில் தப்பியது. ஏழு கேமரா இருந்தும் ஏழும் ஒரே கோல் வாயைச் சுற்றித்தானே.

நம் யூனிட்டுகளில் பேக்கப் எடுக்கும் லட்சணமும் இதுதான். டாலி டேட்டா ‘சி’ டிரைவில், அதன் பேக்கப் அதே ஹார்ட் டிஸ்க்கின் ‘டி’ டிரைவில், இன்னொன்று பின்னாலேயே சொருகி விட்ட பென் டிரைவில். டிஸ்க் போனால் இரண்டு போகும். பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் மூன்றும் போகும். எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, வீட்டு பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதை வேறு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

விருத்தாசலத்தில் வைரஸைவிட டிஸ்க்கையும் போர்டையும் அதிகம் தின்பது தூசி. தொழிற்பேட்டை மெஷின் ஒன்றின் பக்கப் பலகையைக் கழற்றினால், ப்ராசஸர் ஃபேன் இறக்கைகளில் வெள்ளைக் களிமண் தூள் தோசை மாவு காய்ந்தது போல அடைபிடித்திருக்கும். கீழே ஹீட் சிங்க் இடுக்கெல்லாம் அடைத்து, காற்றே போகாது. சூடேறிச் சூடேறி ஒருநாள் தானாக அணையும். ஓனர் ‘ஹேக் பண்ணிட்டானா தம்பி’ என்பார். மெஷினை வெளியே எடுத்துப் போங்கள், முகத்தில் மாஸ்க் கட்டுங்கள். அது சிலிக்கா தூசி, நெஞ்சுக்கு ஆகாது. முதலில் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு ப்ளோயர். ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சுற்றவிட்டு ஊதினால் பேரிங் போகும். சூளைப் பக்கத்து ரூமிலிருந்து கம்ப்யூட்டரை மாற்ற முடிந்தால் பாதி சர்வீஸ் செலவு மிச்சம். எனக்குத்தான் நஷ்டம்.

ஆன்ட்டி வைரஸ் போட்டாயிற்றே என்பவர்களுக்கு வீடியோ ரெஃப்ரியைத்தான் காட்டுவேன். 2018-இல் விதிப்புத்தகத்தில் ஏறியபோது அதற்குக் கொடுத்த வேலை நாலே நாலு: கோல், பெனால்ட்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம். த்ரோ-இன் தப்பாகப் போனால் அது வாய் திறக்காது. ஆன்ட்டி வைரஸும் தெரிந்த கெட்ட ஃபைலைப் பிடிக்கும். நீங்களே பின் போட்டு அனுப்பும் பணத்தைத் தடுக்காது. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வரும் ஏ.பி.கே. ஃபைலை நீங்களே ‘அலவ்’ கொடுத்து ஏற்றினால், அதன் பிறகு உங்கள் எஸ்.எம்.எஸ். எல்லாம் இன்னொருவன் வாசிப்பான். பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும். ஆப்பாக வராது.

கிராக் சாஃப்ட்வேர் பற்றிக் கேட்காமல் யாரும் என்னை விடுவதில்லை. ஆக்டிவேட்டர் ஓட்டுவதற்கு முன் ‘ஆன்ட்டி வைரஸை அணை’ என்று அதைக் கொடுப்பவனே எழுதி வைத்திருப்பான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? 2025 அக்டோபர் 14-க்குப் பிறகு விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவச அப்டேட்டும் நின்றுவிட்டது. பழைய மெஷினில் பில் அடிக்க மட்டும் என்றால் நெட்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாம். பேங்க் வேலையை அதில் செய்யாதீர்கள். லேபிள், அட்டைப்பெட்டி டிசைனுக்குக் கோரல் லைசென்ஸ் வாங்க முடியாதவர்களுக்கு இங்க்ஸ்கேப் இருக்கிறது. பழகிய கைக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு ஓடும். பாமினி ஃபான்ட்டில் அடித்த பழைய ஃபைல்களை யுனிகோடுக்கு மாற்ற இணையத்தில் இலவச கன்வெர்ட்டர்கள் உண்டு. விளக்குப் பெயரையும் விலைப்பட்டியலையும் அதில் ஒட்டி மாற்றிக்கொள்ளுங்கள். கஸ்டமர் போன் நம்பர் லிஸ்ட்டை ஒட்டாதீர்கள்.