இறுகிய படகு இயந்திரம்: வலிமை வேண்டா, பொறுமை வேண்டும்

பேராக் ஆற்று முகத்துவாரத்தில் பாகான் டத்தோ பக்கமும், பெர்ணம் ஆற்றங்கரையில் ஊத்தான் மெலிந்தாங் பக்கமும் வாழும் தோட்ட மக்களுக்கு ஆறும் ஒரு சாலையே ஆகும். சிறு படகின் பின்புறத்தில் மாட்டப்படும் மோட்டாரை மலாய் மொழியில் 'எஞ்ஜின் சங்குட்' என்பர். மாட்டித் தொங்கும் இயந்திரம் என்பது அதன் பொருள்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட், 1909ஆம் ஆண்டில் இவ்வகை மோட்டார்களைச் செய்து விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020ஆம் ஆண்டில் நின்றது. ஆயினும், 1950களில் வெளிவந்த சிறிய எவின்ரூட், ஜான்சன் மோட்டார்கள் எளிய அமைப்புடையவை. கொட்டகையில் கிடக்கும் அத்தகைய ஒன்று சுழலவில்லை என்பதற்காக அதனைப் பழைய இரும்புக்கு எடை போட வேண்டியதில்லை. அதனை மீட்கும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

காரணம் அறிதல்

முதலில் ஒரு கேள்வி: மோட்டார் ஓடும்போது நின்றதா, அல்லது சும்மா கிடந்து இறுகியதா? சும்மா கிடந்ததாயின், பெரும்பாலும் துருவே காரணம். ஈரக்காற்று உள்ளே புகுந்து, பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் துருவால் ஒட்டிவிடுகிறது. ஓடும்போது நின்றதாயின், எண்ணெய் குறைந்தோ குளிர்விக்கும் நீர் வராமலோ பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சுவரில் அப்பியிருக்கக்கூடும். அதனை முழுவதும் பிரித்துப் பார்ப்பதே முறை.

அடுத்து, இறுகியது மேற்பகுதியா, கீழ்ப்பகுதியா என்று அறிய வேண்டும். கீழ்க்காலைக் கழற்றிய பின் மேலேயுள்ள சுழல்சக்கரம் சுழன்றால், குற்றம் பல்சக்கரப் பெட்டியில் உள்ளது. சுழலாவிடில் சிலிண்டரைக் கவனிப்போம்.

விடுவித்தல்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றுக. கார் கியர் பெட்டிக்குரிய ஏடிஎஃப் எண்ணெயும் அசிட்டோனும் சம அளவில் கலந்த கலவையும் நன்கு ஊடுருவும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். ஆதலால், இவ்வேலையைக் காற்றோட்டமான இடத்தில் செய்க. அருகில் சுருட்டும் அடுப்பும் ஆகா. எண்ணெய் வற்ற வற்ற மீண்டும் ஊற்றி, ஒரு வாரமேனும் காத்திருத்தல் நன்று.

பின்னர், சுழல்சக்கரத்தின் நடு நட்டில் ஸ்பேனரை மாட்டி, நட்டு இறுகும் திசையில் மெல்ல அழுத்துக. நூலளவு அசைந்தாலும் போதும். முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து வழி திறக்கலாம். அசையாவிடில் மீண்டும் எண்ணெய், மீண்டும் காத்திருப்பு.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பர். இங்கோ அடி நகர்த்தாது, உடைக்கும். சுழல்சக்கரத்தைச் சுத்தியலால் அடித்தல், நீண்ட குழாயை ஸ்பேனரில் செருகி இழுத்தல், கயிற்றைப் பலங்கொண்டு இழுத்தல் ஆகிய மூன்றும் வேண்டா. துரு கெடுத்த மோட்டாரை மீட்கலாம். சுத்தியல் கெடுத்ததை மீட்பது அரிது.

சுழன்றவுடன் உயிர்ப்பிக்க அவசரப்படலாகாது. பிளக்குகள் இல்லாத நிலையிலேயே பலமுறை சுழற்றி, உள்ளிருக்கும் எண்ணெயை வெளியேற்றுக. சிலிண்டரில் ஆழமான கீறல் தெரிந்தாலோ, சுழலும்போது மணல் அரைபடுவது போன்ற உணர்வு இருந்தாலோ, பிரித்துத் தூய்மை செய்யாமல் ஓட்டுதல் கூடாது.

உயிர்ப்பித்தல்

மோட்டாருக்குத் தீப்பொறி, எரிபொருள், நீர் ஆகிய மூன்றும் வேண்டும்.

தீப்பொறி: சுழல்சக்கரத்தின் அடியிலுள்ள காண்டாக்ட் பாயிண்ட் முனைகளைத் தூய்மை செய்து, அவற்றின் இடைவெளியைப் பெரும்பாலான எவின்ரூட், ஜான்சன் மோட்டார்களுக்குரிய 0.020 அங்குலமாக, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டராக அமைக்க வேண்டும். அக்காலத்துக் காயில்களின் மேலுறை வெடிப்பது வழக்கம். வெடித்திருந்தால் மாற்றுக.

எரிபொருள்: பழைய பெட்ரோலை அகற்றிக் கார்பரேட்டரைக் கழுவுக. இம்மோட்டார்களுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலக்க வேண்டும். 1950களின் வகைகள் பலவற்றுக்கு 24 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். 6 லிட்டருக்கு 250 மில்லிலிட்டர். புதிய மோட்டாருக்குரிய 50க்கு 1 என்னும் அளவைப் பழையதற்குப் பயன்படுத்தினால், மீட்ட மோட்டார் மீண்டும் இறுகும்.

நீர்: கீழ்க்காலில் உள்ள நீர் பம்பின் ரப்பர் விசிறி காலப்போக்கில் கல்லாகிவிடும். ஓட்டிப் பார்க்கும் முன்பே புதியது போடுக. பல்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. அடைப்பு வளையங்களை மாற்றுக.

முதல் ஓட்டத்தைப் பெரிய நீர்த்தொட்டியில் வைத்துக்கொள்க. அதற்கு முன் இயக்கு விசிறியைக் கழற்றிவிடுக. நீரின்றிச் சிறிது நேரம் ஓட்டினாலும் புதிய ரப்பர் கெடும். மெதுவாக ஓட்டி, குளிர்விக்கும் நீர் வெளிவருகிறதா என்று பார்க்க வேண்டும். நீர் வராவிடில் உடனே நிறுத்துக.

ஆற்றில் இறங்கும் முன்

தொட்டியில் நன்கு ஓடிய மோட்டார் ஆற்றின் நடுவில் நிற்காது என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, சில வாரங்கள் கரையோரமாகவே ஓட்டிப் பழகுக. மிதப்பு அங்கியும் துடுப்பும் இன்றிப் பிள்ளைகளைப் படகில் ஏற்றுதல் கூடாது. கழிவெண்ணெயை ஆற்றில் கொட்டாமல் கலனில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படைத்தல் நம் கடமை.

உப்பு நீரில் ஓடிய மோட்டாரை ஒவ்வொரு முறையும் நன்னீரில் ஓட்டிக் கழுவுக. நெடுநாள் நிறுத்துவதாயின், பிளக் துளையில் சிறிது எண்ணெய் விட்டு, மாதம் ஒருமுறை கையால் சுழற்றி வைக்க வேண்டும். இந்தச் சில நிமிட வேலையைத் தவறாமல் செய்துவந்தால், மேலே கூறிய ஒரு வாரக் காத்திருப்புக்கே இடமிராது.