திரையில் வருவதற்கு யார் பொறுப்பு?

தொலைக்காட்சி நிலையமொன்று பொய்யான தகவலைச் சொல்லி ஒருவரின் நற்பெயரைக் கெடுத்துவிட்டால், அவர் யாரிடம் போய்க் கேட்பது? பிள்ளையொன்று கைத்தொலைபேசியில் பார்க்கத் தகாததைப் பார்த்துவிட்டால், பெற்றோர் யாரிடம் முறையிடுவது? ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் இக்கேள்விகளுக்குச் சட்டத்தின் மூலம் தேடிய விடையை இம்முறை படிப்போம். அச்சட்டம் எமது நாட்டுக்குப் பொருந்தாது. ஆனால் எம்மில் பலரின் சகோதரர்களும் பிள்ளைகளும் பிரான்சிலும் ஜேர்மனியிலும் இருக்கிறார்கள். எமது பேரப்பிள்ளைகள் அங்கே படம் பார்ப்பது இச்சட்டத்தின் கீழ்தான்.

செய்மதி வந்த பின்னர் ஒரு நாட்டின் ஒளிபரப்பு அயல் நாட்டு வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அதற்கென 1989 ஒக்டோபரில் ஒரு பொதுப் பணிப்புரை பிறந்தது. பார்ப்பவர் தாம் விரும்பிய நேரத்தில் தெரிந்தெடுத்துப் பார்க்கும் சேவைகள் 2007 இல் அதனுள் சேர்க்கப்பட்டன. யூடியூப் போன்ற வீடியோ பகிரும் தளங்கள் 2018 நவம்பரில் சேர்க்கப்பட்டன. பணிப்புரை தானாகச் சட்டமாகிவிடாது. ஒவ்வொரு நாடும் அதற்கேற்பத் தன் சட்டத்தை இயற்றவேண்டும். 2018 திருத்தத்துக்கு 2020 செப்டெம்பர் 19 வரை தவணை கொடுக்கப்பட்டது. பல நாடுகள் அதைத் தவறவிட்டன.

இச்சட்டத்தின் அச்சாணி ஒரே கேள்விதான்: படத்தைத் தெரிவு செய்தவர் யார்? கடைக்காரர் தாம் விற்கும் அரிசிக்குத் தாமே பொறுப்பு. தொலைக்காட்சி நிலையமும், நெட்பிளிக்ஸ் போன்ற சேவையும் அந்தக் கடைக்காரரைப் போன்றவை. வீடியோ பகிரும் தளமோ சந்தையைப் போன்றது. மரக்கறியைக் கொண்டுவருபவர் வேறொருவர். ஆனாலும் சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர், இடத்தை ஒழுங்குபடுத்திப் பணம் வாங்குபவர், அழுகியது குவிந்து கிடந்தால் எனக்கென்ன என்று கைவிரிக்க முடியாது.

தொலைக்காட்சிக்கே கட்டுப்பாடு அதிகம். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரையான நேரத்தில் விளம்பரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டக்கூடாது. மாலை 6 முதல் நள்ளிரவு வரையும் அதே அளவுதான். புகையிலை விளம்பரம் அறவே கூடாது. வழிபாட்டை ஒளிபரப்பும்போது இடையில் விளம்பரம் போடக்கூடாது. தெரிந்தெடுத்துப் பார்க்கும் சேவைகளின் பட்டியலில் நூற்றுக்கு 30 பங்காவது ஐரோப்பியப் படைப்புகள் இருக்கவேண்டும். அனர்த்த வேளைகளில் வெளியிடப்படும் அவசர அறிவித்தல்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் விளங்கும் விதத்தில் அமையவேண்டும். சூறாவளி அறிவித்தல் காது கேளாதவரைச் சென்றடையாமற் போவதை நாம் அறிவோமல்லவா?

எங்கள் மனதை அதிகம் தொட்டது மறுமொழி உரிமை. தவறான தகவலால் தொலைக்காட்சியில் ஒருவரின் பெயர் கெட்டால், அவர் எந்த நாட்டவராயினும், தமது மறுமொழியை வெளியிடும்படி கோரலாம். இது 1989 முதலே உள்ளது. சாதாரண மனிதருக்கு இதைவிடப் பயனுள்ள விதி இப்பணிப்புரையில் வேறில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

வீடியோ பகிரும் தளங்களின் கடமை வேறு விதமானது. சிறுவருக்குக் கேடானவற்றிலிருந்து அவர்களைக் காக்கவேண்டும். இனம், மதம் போன்றவற்றின் பேரில் வெறுப்பையோ வன்முறையையோ தூண்டுபவற்றிலிருந்து எல்லோரையும் காக்கவேண்டும். இதற்காக வயதைச் சரிபார்க்கவும், பெற்றோர் கட்டுப்படுத்தவும், பார்ப்பவர் முறைப்பாடு செய்யவும் இலகுவான வழிகளை வைக்கவேண்டும். சிறுவரைப் பற்றி இதற்கெனத் திரட்டிய விபரங்களை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது.

எந்த நாட்டின் சட்டம் செல்லும்? நிறுவனம் நிலைகொண்டுள்ள நாட்டினதே. யூடியூப், பேஸ்புக், டிக்டொக் ஆகியவற்றின் ஐரோப்பியத் தலைமையகங்கள் அயர்லாந்தில் இருப்பதால், அச்சிறிய நாட்டின் தோளில் பெருஞ்சுமை விழுந்தது. அங்கே 2023 மார்ச்சில் ஊடக ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அது 2024 ஒக்டோபரில் இத்தளங்களுக்கான பாதுகாப்புக் கோவையை வெளியிட்டது. வயதைச் சரிபார்ப்பது உள்ளிட்ட கடினமான பகுதிகள் 2025 யூலை 21 முதல் நடைமுறைக்கு வந்தன. மீறும் நிறுவனத்துக்கு 2 கோடி யூரோ, அல்லது ஆண்டு வருமானத்தில் நூற்றுக்கு 10 பங்கு, இவற்றில் எது கூடியதோ அதுவரை தண்டம் விதிக்கலாம்.

குறை இல்லாமலில்லை. மறுமொழி உரிமையை இப்பணிப்புரை தொலைக்காட்சிக்கு மாத்திரமே கட்டாயமாக்குகிறது. முன்பின் தெரியாத ஒருவர் பதிவேற்றிய வீடியோவில் பெயர் கெட்டவர், தளத்திடம் முறைப்பாடு செய்துவிட்டு அதன் முடிவுக்காகக் காத்திருக்கவேண்டும். தெரிவு செய்தவர் மறைய மறைய, பாதிக்கப்பட்டவரின் பிடியும் தளர்கிறது.

குழுவாகப் படிப்பவர்கள் இதனை எடுத்துப் பேசிப் பாருங்கள்: ஜேர்மனியில் தஞ்சம் புகுந்த குடும்பமொன்று நிவாரணப் பொருளை விற்றுப் பிழைக்கிறது என்று பொய்ச்செய்தி பரவுகிறது. முதலில் அது தொலைக்காட்சியில் வருகிறது. பின்னர் ஒருவர் பதிவேற்றிய வீடியோவில் வருகிறது. இவ்விரண்டிலும் அக்குடும்பம் யாரிடம் போகலாம்? என்ன கேட்கலாம்?